எல்லா அறையிலும் ஒரே நண்டு

சித்தூருக்குக் கண்ணைக் காட்டப் போன பத்மினி, டாக்டரைப் பார்த்ததை விட அந்த ஆஸ்பத்திரி டிவிகளைப் பார்த்ததுதான் அதிகம். மாடிக்கு மாடி டிவி இருந்தது. எல்லாவற்றிலும் ஒரே முகப்பு, ஒரே டோக்கன் வரிசை, நடுநடுவே சொட்டு மருந்து விடுவது எப்படி என்று ஒரு படம். யாரும் ரிமோட்டைத் தேடவில்லை. யாரும் டிவிக்குப் பின்னால் கையை விட்டு வயரை ஆட்டவில்லை. மருந்து விட்ட கண்ணிலிருந்து நீர் வழிய வழிய, இதையெல்லாம் யார் கவனிக்கிறார்கள் என்று கவுண்டரில் கேட்டாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தரணி என்று ஒரு பெண், மாடியில் ஆபீஸ் என்று சொன்னார்கள்.

தரணி நகரி பக்கத்துக்காரி. அவள் நைனாவுக்கு மாந்தோப்பும் கரும்பும். மகளோ சித்தூரில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்தபடி நாலைந்து ஆஸ்பத்திரி, காலேஜ்களின் டிவிகளை மேய்த்துக்கொண்டிருந்தாள். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு மாமி படியேறி வருவதைக் கண்டு, இடம் தெரியாமல் வந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள்.

"எனக்குத் திருப்பதியிலே லாட்ஜ் இருக்கு, அலிபிரி போற வழியிலே" என்றாள் பத்மினி. "ரூமுக்கு ஒரு டிவி. டிவிக்கு ஒரு பொட்டி. ஒவ்வொரு பொட்டியும் அது இஷ்டத்துக்கு ஆடறது. உன்னாலே அடக்க முடியுமா?"

"எத்தினி பொட்டி மாமி?"

"நாப்பது."

"அடக்கிடலாம். யாரு வாங்கி மாட்டினாங்க?"

"என் மச்சினர்."

"அப்ப அவரையும் ஒரு வார்த்தை கேக்கணும்."

"அவரை நான் பாத்துக்கறேன். நீ பொட்டியைப் பாரு."

தரணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த மாமியோடு வேலை செய்யலாம் என்று அப்போதே முடிவு செய்தாள்.

லாட்ஜின் பெயர் திருவடி. பத்மினியின் மாமனார் கட்டியது. அந்தக் குடும்பத்தில் தலைமுறைக்கு ஒருவர் மலைமேல் கோயில் கைங்கரியத்தில் இருப்பார். மற்றவர் கீழே வருகிறவர்களுக்கு இடம் கொடுத்துக்கொண்டிருப்பார். பத்திரம் இளைய மகன் யதிராஜ் பெயரில் இருந்தது. நிர்வாகம் மூத்தவர், பத்மினியின் கணவர் தோதாத்ரியிடம் இருந்தது. தோதாத்ரி காலமான பிறகு அவர் நாற்காலியில் பத்மினி உட்கார்ந்தாள். உட்காரச் சொல்லி யாரும் அழைக்கவில்லை. வேறு யார் உட்காருவது என்று யாரும் கேட்கவும் இல்லை. அதற்குப் பிறகு கீசர்கள் எரிந்தன, தலையணைகள் வெளுத்தன, வந்தவர்கள் திரும்பி வந்தார்கள்.

இப்போது பெங்களூர் கம்பெனி ஒன்று கட்டிடத்தை அப்படியே குத்தகைக்குக் கேட்டது. போர்டு மாறும், ஆட்கள் மாறுவார்கள், பத்மினியின் நாற்காலி இருக்காது. யதிராஜுக்கு அதில் சம்மதம். அவர் சொன்ன காரணம் டிவி.

நெட்டிலிருந்து படம் கொண்டுவருகிற அந்தப் பெட்டிகளை மாட்டியதே அவர்தான். மலைமேல் நடப்பதை அறையில் இருந்தபடியே சேவிக்கலாம் என்று ஆசையாகத்தான் செய்தார். இரண்டு மாதத்துக்குள் புகார் வர ஆரம்பித்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், டிவியைப் போட்டால் யாரோ நண்டு சமைக்கிறார்கள் என்று தன் துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு லாட்ஜுக்குப் போனார். கும்பகோணத்து மாமி ஒருத்தி டிவியைத் துண்டால் மூடி வைத்துவிட்டு, காலி செய்யும்போது பத்மினியிடம் துண்டைக் கொடுத்துக் காரணமும் சொன்னாள்.

"வரவா போறவா எல்லாம் கண்டதையும் பாத்து வெச்சுட்டுப் போறா மன்னி" என்றார் யதிராஜ். "நம்மாலே ஆகாது. இந்தக் காலத்து நிர்வாகம் நமக்கு வராது. தெரிஞ்சவா கையிலே கொடுத்துடுவோம்."

நமக்கு என்றபோது அவர் கை தன் பக்கம் திரும்பவில்லை. பத்மினி அதையும் பார்த்தாள்.

தரணி லேப்டாப்போடு திருப்பதி வந்தது ஒரு திங்கட்கிழமை. காலியாக இருந்த அறைகளை அம்சவேணி திறந்துவிட்டாள். அம்சவேணிதான் துப்புரவுப் பெண்களுக்கெல்லாம் தலைவி. வடமாலபேட்டையிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறவள். முதல் அறையில் டிவியைப் போட்டதும் மண்சட்டி வந்தது. சட்டியில் நண்டு. கிண்ணத்தில் தேங்காய்ப் பாலோடு ஒரு கை சட்டிக்கு மேலே நின்றது. அதற்குக் கீழே, பாதியில் விட்டதைத் தொடரலாம் என்று எழுதியிருந்தது. இரண்டாவது அறையிலும் நண்டு. அடுத்த மாடிக்குப் போனார்கள். அங்கேயும் அதே கை.

"எல்லா ரூம்லயும் ஒரே எடத்துல நிக்குது மாமி" என்றாள் தரணி. "வந்து தங்கறவங்க பாத்திருந்தா ரூமுக்கு ரூம் மாறணும். இது ஒரே ஆளு."

"எந்தப் பாவியோ பாலு ஊத்தறதுக்குள்ள எழுந்து பூட்டான்" என்றாள் அம்சவேணி.

நாற்பது பெட்டியிலும் ஒரே ஆளின் அக்கவுண்ட் போட்டிருக்கிறது என்று தரணி விளக்கினாள். அந்த ஆள் தன் வீட்டில், தன் போனில் எதைப் பார்த்தாலும் அது இங்கே எல்லா அறையிலும் வந்து உட்காரும். அவருக்கு அது தெரிந்திருக்காது.

பத்மினி நண்டை விட்டுவிட்டு அதற்குப் பக்கத்தில் இருந்தவற்றைப் பார்த்தாள். ஒரு திருப்பாவை உபன்யாசம். முழங்கால் வலிக்கு உட்கார்ந்தபடியே செய்யும் பயிற்சி. மறுபடியும் அதே சமையல்கார அம்மாள், இந்தத் தடவை இறால். அந்த உபன்யாசக் குரல் தினம் காலையில் அடுத்த போர்ஷனிலிருந்து அவள் காதில் விழுகிற குரல். முழங்கால் யாருடையது என்பதும் அவளுக்குத் தெரியும். கடைக்காரன் அக்கவுண்ட் வேண்டும் என்று சொல்ல, வேறொருவரை நம்பாமல், மாடி மாடியாக ஏறி ஒவ்வொரு பெட்டியிலும் தன் கையாலேயே தன் பெயரை அடித்துக்கொண்டு வந்தவர் யார் என்பதும் தெரியும். அப்பா காலத்துச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொள்கிற மாதிரி, நாற்பது அறையையும் ஒரே பெயரில் செருகிக்கொண்டார். ஏகாதசிக்குத் தண்ணீர் கூடக் குடிக்காத மனுஷர். வெங்காயம் நறுக்கினால் வாசலுக்குப் போய்விடுவார்.

"யாருன்னு தெரியுதா மாமி?"

"தெரியறது. நீ தெரிஞ்சுக்க வேண்டாம்." பிறகு அம்சவேணி பக்கம் திரும்பினாள். "நீ ஒண்ணும் பாக்கலே."

"இன்னாத்தம்மா?"

"அதைத்தான்."

அன்று சாயங்காலம் யதிராஜ் ஆபீஸ் அறைக்கு வந்தார். தரணியைப் பார்த்தார், லேப்டாப்பைப் பார்த்தார். பெங்களூர்க்காரர்கள் ஆவணி முகூர்த்தத்தன்று மதியம் பேப்பரோடு வருவதாகச் சொன்னார். அன்று காலைதான் கீழ் ஹாலில் ரத்தினம்மா வீட்டுக் கல்யாணம். லாட்ஜ் முழுக்க அவர்களுக்குப் பேசியிருந்தது. ரத்தினம்மா வடமாலபேட்டையில் நெல் மெஷின் வைத்திருப்பவள், பெண்ணைப் பெற்றவள். அவள் மாமியாருக்கு இடுப்பு ஒடிந்து கட்டு. இன்னும் இறங்க முடியாத கிழங்கள் மாடிக்கு நாலு பேர். தாலி கட்டுவதை அவரவர் அறையிலேயே பார்க்க வழி உண்டா என்று கேட்டிருந்தாள். உண்டு என்று பத்மினி சொல்லியிருந்தாள்.

"எப்படி உண்டு?" என்றார் யதிராஜ். "நண்டையே நிறுத்த முடியலே."

"கல்யாணத்தன்னிக்கு ஒவ்வொரு ரூம்லயும் முகூர்த்தம் ஓடும். ஓடினா பெங்களூர்க்காராளுக்கு இல்லேன்னு சொல்லிடணும்."

"ஒவ்வொரு ரூம்லயுமா?"

"ஒண்ணு விடாம."

"ஒண்ணு விட்டாலும் கையெழுத்துப் போட்டுடுவேன் மன்னி. அப்பறம் வருத்தப்படக் கூடாது."

சரி என்றாள் பத்மினி. அவர் போன பிறகு, மாமி அந்த இடத்திலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்குமே என்று தரணி மெல்லக் கேட்டாள். அவள் கெட்டிக்காரி, முழங்காலைத் தடவிக்கொண்டே உட்கார்ந்த மனுஷரை அவளும் பார்த்திருந்தாள்.

"முடிஞ்சிருக்கும்" என்றாள் பத்மினி. "அப்பறம் அவர் என் மூஞ்சியைப் பாத்துப் பேச மாட்டார். நம்ம லாட்ஜ் மடப்பள்ளியை யார் பாத்துக்கறது? அவர் பண்ற தளிகையைச் சாப்பிடறதுக்காகவே வரவா எத்தனை பேர். எனக்கு லாட்ஜும் வேணும், அவரும் வேணும். நீ வேலையைப் பாரு."

வேலை இப்படி நடந்தது. அறை காலியாகக் காலியாக, தரணி நாற்பது பெட்டியையும் கழற்றி, யாருடைய பெயரும் இல்லாமல் துடைத்து, ஒவ்வொன்றையும் அதன் அறை எண்ணோடு தன் மென்பொருளில் சேர்த்தாள். அறைகள் ஒரு குழு. ஹாலும் சாப்பாட்டுக் கூடமும் ஒரு குழு. எந்தக் குழுவுக்கு எந்த ஆப் என்று ஒரு தடவை சொல்லி வைத்தால் போதும். ஆப் ஆளுக்குச் சொந்தமில்லை, பெட்டிக்குச் சொந்தம். தங்குகிறவர் தன் அக்கவுண்டைப் போட்டுக்கொண்டாலும் காலி செய்ததும் அது அழிந்துவிடும்.

பத்மினிக்கு இது ஒரு தடவையிலேயே பிடிபட்டது. "போர்வை மாதிரி" என்றாள். "ரூமோட இருக்கும். வந்தவா போத்திப்பா. போனதும் தோச்சுப் போட்டுடுவோம். இதுவரைக்கும் நாம ஒரே போர்வையை நாப்பது பேருக்குப் போத்திண்டிருக்கோம்."

அதற்கு மேல் அவள் ஒன்று கேட்டாள். யாரும் போய்ப் பக்கத்தில் நிற்கக்கூடாது. பெட்டிக்கு உயிர் வந்ததும் தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படியே வைக்கலாம் என்றாள் தரணி.

சித்தூருக்குத் திரும்பிப் போய் அங்கிருந்தே முதல் ஆப்பை அனுப்பினாள். மலைமேல் நடப்பதைக் காட்டுகிற ஆப். மறுநாள் பத்து மணிக்கு போன் வந்தது.

"மாமி, பாதி ரூம் செத்துப் போய்க் கெடக்குது. கரண்டு இல்லையா?"

கரண்டு இருந்தது. அறைக்குள் இல்லை. திருப்பதிக்கு வருகிறவர்கள் வீட்டிலிருந்தே பூட்டு கொண்டு வருவார்கள். அறைக்குள் மூட்டையை வைத்து, கதவில் தன் பூட்டைப் போட்டு, சாவியை அரைஞாணிலோ தாலிச் சரட்டிலோ கோத்துக்கொண்டு மலை ஏறுவார்கள். வரிசை நகர்வதைப் பொறுத்து ராத்திரியோ மறுநாளோ இறங்குவார்கள். போகும்போது மெயினை அணைக்க வேண்டும் என்பது மாமனார் வைத்த சட்டம். கதவுக்குக் கதவு மூன்று பாஷையில் எழுதியிருக்கிறது. வந்தவர்கள் போட்ட பூட்டில் கை வைக்கக்கூடாது என்பதும் அவர் சட்டம்தான். ஆகவே தரணி எப்போது அனுப்பினாலும் பாதிப் பெட்டி இருட்டில் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். ஆஸ்பத்திரியில் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே டிவிகளுக்கு ராத்திரியும் பகல்தான்.

எழுத்தைக் கதவிலிருந்து எடுத்துவிடலாமா என்று தரணி கேட்டாள். வேண்டாம் என்றாள் பத்மினி. கீசரைப் போட்டுவிட்டு மலை ஏறினவர்கள் எத்தனை பேர் என்று அவளுக்குத்தான் தெரியும். ஒரு நாள் முழுக்க யோசித்தாள். பிறகு அம்சவேணியைக் கூப்பிட்டாள்.

ஒருத்தர் காலி செய்து அடுத்தவர் வருவதற்குள் அறை லாட்ஜின் கையில் இருக்கிற நேரம் ஒன்று இருக்கிறது. அது அம்சவேணியின் நேரம். உள்ளே நுழைந்ததும் முதல் காரியமாக மெயினைப் போட்டு டிவியைப் போட வேண்டும். பிறகு பாத்ரூம், பிறகு தரை, கடைசியில் படுக்கை. தலையணை உறை மாற்றுவதற்குள் பெட்டி தன் வேலையை முடித்துக்கொள்ளும்.

"டிவியப் போட்டா எம் பொண்ணுங்க துடைப்பத்தப் புடிச்சிக்கினு சீரியல் பாத்துக்கினு நிப்பாளுங்கம்மா."

"சீரியல் வராது. தரணி அதை மறைச்சு வெச்சுட்டா."

"அப்ப இன்னாத்தப் பாத்துக்கினு பெருக்கறது?"

"பெருமாளை."

அதுவும் சரிதான், மலைக்குப் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது என்றாள் அம்சவேணி.

ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் அறைகளின் படம் வந்தது. எல்லாம் ஏறிய அறை பச்சை, ஏறிக்கொண்டிருப்பது மஞ்சள், இருட்டில் இருப்பது சாம்பல். பச்சை வராத அறையை யாருக்கும் கொடுப்பதில்லை என்று பத்மினி புது சட்டம் போட்டாள். மாமனார் சட்டங்களுக்கு நடுவில் அதுவும் உட்கார்ந்துகொண்டது. இரண்டு வாரத்தில் நண்டைப் பற்றிப் பேச யாருக்கும் எதுவும் இல்லாமல் போயிற்று. யதிராஜ் ஒன்றிரண்டு அறைகளில் தானே டிவியைப் போட்டுப் பார்த்ததாக அம்சவேணி வந்து சொன்னாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் தரணி திருப்பதிக்கே வந்துவிட்டாள். ஹால் கேமராவிலிருந்து அறைகளுக்குப் படம் கொண்டுபோகிற ஆப் ஒன்று, முகூர்த்த நேரத்துக்குத் தானாகத் திறந்துகொள்கிற மாதிரி தயாராக இருந்தது. காலி ஆன அறைகளில் அம்சவேணியின் பெண்கள் ஒவ்வொன்றாகப் பச்சை ஆக்கிக்கொண்டு வந்தார்கள். மதியத்துக்குள் ஒன்றைத் தவிர எல்லாம் பச்சை.

அந்த ஒன்று மூன்றாவது மாடி மூலை அறை. அதில் ஆதிநாராயணன் குடும்பம். வரதய்யபாளையத்தில் விவசாயம், மாசாமாசம் வருகிறவர். காலையிலேயே காலி செய்வதாகச் சொல்லி முந்தின நாள் நடந்து மலை ஏறியவர்கள் இறங்கவில்லை. போன் அடிக்கவில்லை, வரிசையில் நிற்கப் போகிறவர்கள் போனை வெளியே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். கதவில் அவர் வீட்டுப் பித்தளைப் பூட்டு தொங்கிற்று.

வேனில் வந்து இறங்கிய ரத்தினம்மாவிடம் பத்மினி விஷயத்தைச் சொன்னாள். அவள் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

"சாமியப் பாக்கப் போனவங்க பூட்ட ஒடைக்கறதா? வேணாம் பத்மினியம்மா. எங்க பசங்க நாலு பேரு ஹால்லயே படுத்துக்குவானுங்க. எப்படியும் தூங்கப் போறதில்ல, சீட்டுதான் ஆடுவானுங்க."

யதிராஜ் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ரத்தினம்மா நகர்ந்ததும் சொன்னார்.

"அந்த ரூமும் கணக்குதான் மன்னி."

"கணக்குதான்."

"பூட்டை உடைச்சுடலாமே? நாளைக்கு அவாளுக்குப் புதுசு வாங்கிக் கொடுத்துட்டாப் போறது."

அவர் சோதித்துப் பார்க்கிறாரா, நிஜமாகவே சொல்கிறாரா என்று தரணிக்குப் புரியவில்லை. பத்மினிக்குப் புரிந்தது. "உங்க அப்பா உடைக்க மாட்டார்" என்றாள். "நானும் உடைக்க மாட்டேன். எப்பத் தெறக்கறாளோ அப்ப ஓடும்."

"முகூர்த்தம் முடிஞ்சு தெறந்தா?"

"அப்பறம் நீங்க கையெழுத்துப் போடலாம்."

மறுநாள் காலை ஹாலில் ஹோமப் புகை ஏறிக்கொண்டிருந்தது. ரிசப்ஷனில் தரணி லேப்டாப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நேற்றைய மிச்சம் போல மூலையில் ஒரு சாம்பல் கட்டம். அந்த அறைக்குப் போன வாரம் அனுப்பியதெல்லாம் ஏறியிருந்தது. கல்யாண ஆப் மட்டும் இல்லை. கரண்டு வந்து கொஞ்ச நேரம் கிடைத்தால் போதும். அந்தக் கொஞ்ச நேரம்தான் மலைமேல் வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

"மாமி, உங்களுக்கு படபடன்னு இல்லையா?"

"இருக்கு. இட்லி துன்னயா?" தரணியின் பாஷையிலேயே கேட்டாள் பத்மினி.

"இல்ல."

"போய்த் துன்னுட்டு வா. நீ முறைச்சுப் பாக்கறதாலே அது பச்சை ஆகப் போறதில்லே."

தரணி போகவில்லை. மாடி மாடியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்த அம்சவேணி, எல்லா அறையிலும் மணவறை தெரிகிறது, ரத்தினம்மாவின் மாமியார் படுத்தபடியே பெண்ணின் நெற்றிச்சுட்டி கோணலாக இருப்பதாக டிவியிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள் என்றாள். யதிராஜ் எங்கே என்று பத்மினி கேட்டாள். மூன்றாவது மாடியில், அந்தப் பூட்டுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்றாள் அம்சவேணி.

உட்கார்ந்துதான் இருந்தார். கீழே நாதஸ்வரத்தின் வாசிப்பு மாறுவது கேட்டது. பெண்ணை அழைத்து வருகிற வாசிப்பு. மாடிப்படியில் வெறுங்கால் சத்தம் கேட்டது. முதலில் இரண்டு சின்ன மொட்டைத் தலைகள் வந்தன, சந்தனம் காயாமல். பின்னால் ஒரு பெரிய மொட்டை; அதுதான் ஆதிநாராயணன். கடைசியில் லட்டுப் பையோடு அவர் மனைவி. வரிசையில் ராத்திரி முழுக்க உட்கார வைத்துவிட்டார்கள் என்றும், காலி செய்யத் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும் என்றும் ஆதிநாராயணன் சொல்லிக்கொண்டே வந்தார். லாட்ஜ் முதலாளி கதவுக்கு எதிரே காத்திருப்பதைப் பார்த்து அவருக்குப் பயமாகிவிட்டது.

"இதோ இப்பவே தொறந்து காலி பண்றேன் சார்."

"காலி பண்ண வேண்டாம். மெதுவாத் தெறங்கோ" என்றார் யதிராஜ்.

பூட்டு திறந்தது. ஆதிநாராயணன் முதலில் மெயினைப் போட்டார். பிள்ளைகள் ஓடிப்போய் டிவியைப் போட்டார்கள். திரையில் ஒரு கோடு மெல்ல நகர்ந்தது. யதிராஜ் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே மேளக்காரர் தவிலை வேகமாக அடிக்க ஆரம்பித்தார். கோடு நின்றது, திரை கறுத்தது. பிறகு மணவறை வந்தது. தாலியைக் கையில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை எழுந்து நிற்கிறான். கீழே அடித்த மேளமும் டிவியில் அடித்த மேளமும் ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கேட்டன.

யாருடைய கல்யாணம் என்று தெரியாமலேயே ஆதிநாராயணன் மனைவி லட்டுப் பையைக் கட்டிலில் வைத்துவிட்டுக் கைகூப்பினாள். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். முடிச்சு விழுந்ததும் ஆதிநாராயணன், நல்ல நேரத்துக்கு வந்தோம் என்று சொல்லிவிட்டு டிவியை ஒரு பார்வை பார்த்தார்.

"இது நல்லா கீது சார். ஆனா போன மாசம் வந்தப்போ எங்க ஊரு பக்கத்து அம்மா ஒண்ணு நண்டு செய்யும், அது வந்துச்சு. ஏரிக்கரைல ஒக்காந்து செய்யும். அத எங்களுக்கு நேர்லயே தெரியும். தேங்கா பாலு ஊத்தற எடத்துலயே நின்னுக்கினு இருந்துச்சு. ரூமு மாத்திக் குடுத்தீங்க, அங்கயும் அதே எடத்துல நின்னுக்கினு கீது. யாரோ பாத்துக்கினே எழுந்து பூட்டாங்கன்னு நாங்க சிரிச்சிக்கினு இருந்தோம்."

கிண்ணத்தோடு நின்ற கையை யதிராஜும் பார்த்திருந்தார், தன் போனில். அன்று மன்னி காபிக்குக் கூப்பிட்டாள். அப்படியே போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் எத்தனை காபி ஆயிற்று என்று நினைத்துப் பார்த்தார். ஸ்ரீரங்கத்துப் பெரியவர் துணிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதும் நினைவு வந்தது. பிறகு, இரண்டு வாரமாக எந்த அறையிலும் அந்தக் கை இல்லை என்பதும்.

"சாப்டாம போகாதீங்கோ" என்றார் ஆதிநாராயணனிடம். "கீழே கல்யாணச் சாப்பாடு. நான் சொல்லிடறேன்." கைப்பிடியைப் பிடித்து இறங்கும்போதே போனை எடுத்து பெங்களூருக்குப் பேசினார். பேப்பர் வேண்டாம், கொடுப்பதாக இல்லை, வந்துதான் ஆக வேண்டும் என்றால் பந்திக்கு வரலாம் என்று தெலுங்கில் சொன்னார்.

ரிசப்ஷனில் நாற்பதும் பச்சை. தரணி இட்லி சாப்பிடப் போயிருந்தாள். யதிராஜ் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றார். இத்தனை வருஷத்தில் தங்க வருகிறவர்கள் நிற்கிற அந்தப் பக்கத்தில் அவர் நின்றதில்லை.

"சொல்லிட்டேன் மன்னி. இல்லேன்னு."

"நல்லது."

மேஜை மேலிருந்த அறைச் சாவி ஒன்றை நேராக வைத்தார்.

"உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"தரணி வந்த அன்னிலேர்ந்து."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

"முடிஞ்சிருக்கும். அப்பறம் இன்னிக்கு விடியக்காலமே எழுந்து பந்திக்குச் சாத்தமுது யார் கூட்டியிருப்பா?" பத்மினி எழுந்தாள். "பந்தி போட்டாச்சு. வாங்கோ."

அவர் நகரவில்லை. இன்னும் ஏதோ கேட்க வேண்டியிருந்தது. எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அவள்தான் கேட்டாள், திரும்பிப் பார்க்காமல், மெதுவாக.

"பால் ஊத்தினப்பறம் என்ன ஆச்சுன்னு பாத்துட்டேளோ?"

"இன்னும் இல்லே."

"பாத்துடுங்கோ. அந்த அம்மா எத்தனை நாளாக் கையைத் தூக்கிண்டு நிக்கறா."

யதிராஜ் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டு பந்தி நடக்கிற பக்கம் போனார். படியில் மூன்று மொட்டைத் தலைகள் இறங்கி வந்துகொண்டிருந்தன, சொல்லாத கல்யாணத்துக்கு, லட்டோடு.